இமையில் இடம் மாறும் வீக்கம்

சின்னப் பிள்ளையின் கண் வீங்கினால் எங்கள் பக்கத்தில் உடனே மூன்று பதில் வரும். கண்கட்டி, பூச்சிக்கடி, கண்ணூறு. முதல் இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இமை மெல்லிய தோல், ஒரு எறும்பு கடித்தாலும் விடியும்போது கண் மூடிப்போகும் அளவுக்கு ஊதிவிடும், பின்னேரம் வற்றிவிடும். அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை.

நான் எழுத வந்தது வேறொரு வீக்கத்தைப் பற்றி. இன்றைக்கு மேலிமையில் இருக்கும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் வற்றும். கொஞ்ச நாள் கழித்துப் புருவத்துக்குக் கீழே எழும்பும். பிறகு கண்ணுக்கும் காதுக்கும் இடையில். பிள்ளைக்குக் காய்ச்சல் இராது, விளையாடும், சாப்பிடும், ஆனால் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டே இருக்கும். தாய் "என்னவோ ஊருது" என்பாள். கேட்பவர்கள் அவளைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம். தோலுக்குக் கீழே உயிருள்ள புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கலாம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குடும்பநல மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மண்முனையில் பாலம் வருமுன், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து, பிறகு சைக்கிளில் வயல் வரம்போரம் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்த காலத்து ஆள். வேலையில் இருந்தபோதே இந்தப் புழுவைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஆனால் கண்ணால் கண்டது என் தங்கச்சியின் பேரனுக்கு வந்தபோதுதான். பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடுவதுபோல் சின்னவன் என்றே எழுதுகிறேன். நாலு வயது.

வீடு கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே, வயலை அண்டிய பக்கம். அந்த ஊர்களில் நாய் இல்லாத வளவு இல்லை. இரவில் யானை வேலியை முறித்துக்கொண்டு வந்தால் முதலில் அறிவிப்பது நாய்தான். வயல் காவல் வாடியில் படுப்பவனுக்கும் மாட்டுப்பட்டியில் நிற்பவனுக்கும் நாய்தான் துணை. சின்னவனின் வளவில் இரண்டு நாய்கள். அண்டைவீட்டு நாய்களும் அங்கேதான் சோறு தின்னும்.

மாரி தொடங்குமுன் ஒரு காலையில் அவனது இடது மேலிமை சிவந்து வீங்கியிருந்தது. தாய் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். பூச்சிக்கடியாக இருக்கும், கிருமியும் சேர்ந்திருக்கலாம் என்று அன்டிபயோடிக் பாணி கொடுத்தார்கள். வீக்கம் வற்றியது. எல்லோரும் மருந்து வேலை செய்தது என்றே நினைத்தார்கள். மறுபடி வந்தபோது அதே மருந்தை இன்னும் ஒரு தடவை வாங்கினார்கள், அதுவும் வற்றியது. மருந்து செய்த வேலை அல்ல அது. புழு அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அங்கிருந்த வீக்கம் தானாகவே இறங்கும். முதல் தடவை பார்த்த டொக்டரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு நாள் வீங்கிய இமையைப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. இந்த நோயின் அடையாளமே அடுத்தடுத்த நாட்களில்தான் இருக்கிறது, அந்த நாட்களைப் பார்ப்பவள் தாய் மட்டும்தான்.

அவள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள். தகப்பன் கட்டாரில். மகனின் முகத்தைக் காட்ட ஒவ்வொரு நாளும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்தபோது அந்தப் படங்களை வரிசையாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"பெரியம்மா, இஞ்ச பாருங்க. இது இமையில. இதுல ஒண்டும் இல்ல. இது புருவத்துக்குக் கீழ. இது நேத்து, காதுப் பக்கம் போயித்து. நான் சொன்னா ஆரும் நம்புறாங்க இல்ல."

"நான் நம்புறன் மகள்," என்றேன். "நாளைக்கு வெள்ளன வெளிக்கிடு. போனையும் மறக்காம கொண்டு வா."

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் காட்டினோம். அங்கிருந்த டொக்டர் பிள்ளையைப் பார்க்குமுன் படங்களைத்தான் முழுக்கப் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வீட்டில நாய் இருக்கா?"

புழுவின் பெயர் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். இது நாயின் புழு. பூனையிலும் இருக்கும், ஆனால் அதன் சொந்த வீடு நாய்தான். நாயின் தோலுக்குக் கீழே வளர்ந்து, அங்கேயே ஆணும் பெண்ணும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்களை நாயின் இரத்தத்தில் விடும். நுளம்பு அந்த நாயைக் கடிக்கும்போது குஞ்சுகள் நுளம்புக்குள் போகும். நுளம்பின் உடம்பில் ஏறத்தாழ இரண்டு கிழமை வளர்ந்தால்தான் அது அடுத்த உடம்புக்குத் தொற்றக்கூடிய பருவத்தை அடையும். பிறகு அந்த நுளம்பு கடிக்கிறபோது கடிவாயால் உள்ளே இறங்கும். கடிபட்டது இன்னொரு நாய் என்றால் வட்டம் பூர்த்தியாகிறது. மனிதர் என்றால் புழு வழி தவறிவிட்டது.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அழுகை தொடங்கியது இந்த இடத்தில்தான். சின்னவனின் அப்பம்மா, "நாயைத் தொட்டதாலதான் வந்தது" என்றா. அப்படி அல்ல. நாயைத் தடவினாலோ, அது நக்கினாலோ, அதோடு படுத்தாலோ இந்தப் புழு வராது. நடுவில் நுளம்பு இல்லாமல் வரவே முடியாது. பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கும் போகாது. மனித உடம்பில் அந்தப் புழு பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும், சோடி கிடையாது, குஞ்சு விடும் நிலைக்கு வருவதும் மிக அபூர்வம். அதனால் சின்னவனைக் கடித்த நுளம்பு அவனது தங்கச்சியைக் கடித்தாலும் அவனிடமிருந்து அவளுக்கு எதுவும் போகாது. பாலர் பாடசாலைக்கு அனுப்பலாமா என்று தாய் கேட்டாள். தாராளமாக அனுப்பலாம்.

அடுத்த பயம் யானைக்கால். புழு, நுளம்பு, ஃபைலேரியா என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் எங்கள் வயதுக்காரருக்கு அதுதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே குடும்பத்துப் புழுக்கள் என்பது உண்மை. ஆனால் யானைக்கால் புழு மனிதருக்குரியது, மனிதரின் நிணநீர்க் குழாய்களில் குடியிருப்பது. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. மலேரியா இல்லாத நாடு என்ற சான்றும் அதே வருடம்தான் வந்தது. சுகாதார வேலையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அது பெருமையான வருடம். மனிதரின் புழுவை மருந்து கொடுத்தும் நுளம்பைக் கட்டுப்படுத்தியும் அடக்கிவிட்டோம். நாயின் புழுவுக்கு அப்படி ஒரு வேலைத்திட்டம் இல்லை. அதனால் அது எங்கள் வளவுகளில் அப்படியே இருக்கிறது. மனிதரில் இந்தப் புழு அதிகம் கண்டுபிடிக்கப்படும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கூடுதலாகக் காணப்படுவது எங்கள் நாட்டு நிலைமையின் விசேஷம். கண்ணைச் சுற்றி, முகத்தில், ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பையிலும்கூட வரும். விதைப்பை வீங்கிய பிள்ளையை வெட்கத்தால் மறைத்து வைக்காதீர்கள். அங்கே வீக்கம் வந்தால் உடனே காட்ட வேண்டிய வேறு காரணங்களும் உண்டு.

தகப்பன் கட்டாரிலிருந்து இரவிரவாகத் தேடி, ஆபிரிக்கக் கண் புழு என்று ஒன்றைக் கண்டுபிடித்து, குரல் பதிவுகளாக அனுப்பியிருந்தான். குரலே நடுங்கியது. பாவம், தூரத்தில் இருக்கிறவனுக்குத் தேடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும். அது லோவா லோவா என்ற வேறு புழு. மேற்கு, மத்திய ஆபிரிக்கக் காடுகளில் ஒருவகை ஈ கடித்துப் பரப்புவது. எங்கள் நுளம்புகள் அதைப் பரப்புவதில்லை. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், அதனால்தான் குழப்பம்.

வீக்கம் ஏன் வருகிறது என்பதைக் கண் டொக்டர் தாய்க்கு விளங்கும்படி சொன்னார். புழு ஊரும்போது சுற்றியுள்ள சதையை உரசுகிறது, தன் கழிவுகளை விடுகிறது. அதன் உடம்புக்குள்ளேயே வொல்பாக்கியா என்ற பக்டீரியாவும் வாழ்கிறது. இதற்கெல்லாம் எதிராகப் பிள்ளையின் உடம்பு சண்டை பிடிக்கும், அந்தச் சண்டைதான் சிவப்பும் வீக்கமும் சொறியும். புழு உள்ளேயே செத்துவிட்டால் சண்டை நின்றுவிடாது. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டும், அசையாத கெட்டிக் கட்டியாக நிற்கும். பெரியவர்களுக்கு இப்படி வந்து, புற்றுநோயோ என்று பயந்து, வெட்டிச் சோதித்த பிறகு உள்ளே புழு இருந்தது தெரிய வந்த கதைகள் மருத்துவ உலகில் நிறைய உண்டு.

இரத்தம் சோதித்தார்கள். ஈசினோஃபில் என்ற வெள்ளைக் கலம் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது, பலருக்கு அது கூடுவதே இல்லை. யானைக்காலுக்கு எடுப்பதுபோல இரவு இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று நான் கேட்டேன். தெரியாது, மனிதரில் இந்தப் புழு குஞ்சு விடுவது மிக அபூர்வம் என்பதால் இரத்தத்தில் பார்க்க எதுவும் இருக்காது என்றார். ஸ்கேன் செய்தால் சில வேளை புழு நெளிவதே திரையில் தெரியும். சின்னவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அது எங்கே போய்ப் படுத்திருந்ததோ.

பூச்சி மருந்து கொடுத்துக் கொல்லலாமே என்றும் கேட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அந்த மருந்து குடல் புழுவுக்கானது. இந்தப் புழுவுக்குச் சரியான வைத்தியம் அதை வெளியே எடுப்பதுதான். முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேறு மருந்தே தேவைப்படாது. ஆனால் எடுப்பதற்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

டொக்டர் சொல்லி அனுப்பிய வார்த்தையைத்தான் இதை வாசிக்கும் ஒவ்வொரு தாயும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "வெள்ளை முழியில அது தெரிஞ்சா எந்த நேரமா இருந்தாலும் உடன கொண்டு வாங்க. கிளினிக் நாள் பார்க்காதீங்க."

காரணம் இருக்கிறது. புழு சில வேளை இமையிலிருந்து வந்து, வெள்ளை முழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குக் கீழே ஊரும். அப்போது வெளியில் இருந்தே பார்க்கலாம், எடுப்பதும் மிக எளிது. ஆனால் அது அங்கேயே காத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் கண்குழிக்குள் பின்னால் போய்விட்டால் கண் சிவந்திருப்பது மட்டும்தான் தெரியும்.

சின்னவனுக்கு அது ஒரு பின்னேரத்தில் வந்தது. கண்ணைக் கசக்கி அழுதிருக்கிறான். தாய் இமையை விலக்கிப் பார்த்தாள், மூக்குப் பக்கத்து வெள்ளை முழியில் மெல்லிய கோடு ஒன்று நெளிந்தது. வேறொருத்தி என்றால் கூக்குரல் போட்டிருப்பாள். அவள் முதலில் போனில் வீடியோ எடுத்தாள், பிறகுதான் ஓட்டோவுக்குச் சொன்னாள். மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு வந்து, காத்தான்குடி நெரிசலைக் கடந்து, கல்லடிப் பாலம் தாண்டி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாலம் இல்லாத காலமென்றால் பாதை வரும்வரை கரையில் நின்றிருக்க வேண்டும். அதற்குள் புழு போயிருக்கும்.

பெரியவர்களுக்கு விறைப்புத் துளி விட்டே எடுத்துவிடுவார்களாம். நாலு வயதுப் பிள்ளை அசையாமல் கிடக்க மாட்டான் என்பதால் அவனுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். சவ்வில் சின்னதாக ஒரு கீறல். இடுக்கியால் பிடித்து, அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தெடுத்தார்கள். வெளியே வந்து எங்களுக்குப் போத்தலைக் காட்டினார்கள். வெள்ளை இடியப்பத்தில் ஒரு இழையை எடுத்துத் தண்ணீரில் போட்டதுபோல இருந்தது, ஆனால் உயிரோடு. என் விரலை விட நீளம். பெண் புழு 10 முதல் 17 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது, ஆண் அதைவிடக் குட்டை. இவ்வளவும் அந்தச் சின்ன முகத்துக்குள் ஓடித் திரிந்ததா என்று தாய் அங்கேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைக்கவில்லை.

மறுநாளே வீடு. அந்த இடத்தில் கொஞ்சம் இரத்தச் சிவப்பு, அது தானாக மாறியது. பார்வைக்கு ஒன்றும் இல்லை. பிறகு வீக்கமும் வரவில்லை.

இனி என் மனதை உறுத்தும் விஷயங்களுக்கு வருகிறேன்.

சின்னவனை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகுமுன் வீட்டில் பல கை வைத்தியம் நடந்திருந்தது. தாய்ப்பால் விட்டார்கள், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டார்கள், சந்தனம் பூசினார்கள். கண்ணூறு கழித்தார்கள். அப்பம்மா கோயிலுக்கு வெள்ளிக் கண் நேர்ந்துவைத்தா. நேர்த்தியைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். குணமான பிறகு அந்த வெள்ளிக் கண்ணைச் சாத்தப் போனபோது நானும் கூடப் போனேன். தாய்தகப்பனுக்கு மனம் தாங்க ஒரு பிடி வேண்டும். ஆனால் கண்ணுக்குள் விடுவது வேறு கதை. தாய்ப்பாலாக இருந்தாலும் பூச்சாறாக இருந்தாலும் கிருமி சேராத பொருள் இல்லை. கண்ணுக்குள் ஊற்றினால் கறுப்பு முழியில் புண் வர வழி திறக்கிறோம். அந்தப் புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், தழும்பு பார்வையை மறைக்கும். தயவுசெய்து விடாதீர்கள்.

இன்னொன்று, பார்மசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் கேட்டு வாங்கும் கண் துளி. சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். விட்ட உடனே சிவப்பு இறங்கும், எரிவு நிற்கும், நல்ல மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் காரணம் அப்படியே இருக்க, வெளி அடையாளம் மட்டும் அழிந்துபோகும். நீண்ட நாள் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பே கெட்டுப்போகலாம். பிள்ளையின் கண்ணில் இந்தச் சோதனை வேண்டாம்.

வீக்கத்தை நசுக்குவது, ஊசியால் குத்துவது இரண்டும் கூடாது. புழு அறுந்தால் மிச்சம் உள்ளே கிடந்து புண்ணாகும்.

மறுபக்கம், எல்லா வீக்கத்தையும் புழு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கவும் கூடாது. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது. சளி பிடித்த பிள்ளைக்கு, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில் தங்கிய கிருமி கண்குழிக்குள் இறங்கலாம். அது புழுவை விடப் பொதுவானது, பல மடங்கு ஆபத்தானது. காய்ச்சல் அடிக்கிறது, கண் முன்னுக்குத் தள்ளுகிறது, கண்ணை உருட்ட முடியவில்லை அல்லது உருட்டினால் நோகிறது, பார்வை மங்குகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, பிள்ளை சோர்ந்து தூங்கிவிழுகிறது என்றால் அது அந்த நேரமே ஆசுபத்திரி. கிருமி கண்குழியிலிருந்து மூளைக்குப் போக வழி இருக்கிறது. நாள விட்டுப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நாய்க்கு வருகிறேன். சின்னவனின் கதை ஊரில் பரவியதும் முதலில் வந்த யோசனை நாய்களைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவது. சிலர் அதைவிட மோசமாகவும் பேசினார்கள். அவர்களது பயம் எனக்கு விளங்குகிறது, பிள்ளையின் கண் என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் நாயைச் சந்தையடியில் கொண்டுபோய் விட்டால் புழுவும் அதோடுதான் போகும், அங்கே உள்ள நுளம்பு அதைக் கடிக்கும், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வளவில் நாய் இல்லாமல் போனாலும் அடுத்த வளவு நாயைக் கடித்த நுளம்புக்கு வேலி தெரியாது. வயல் காவலும் போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கல். புழு உள்ள நாய்க்கு பெரும்பாலும் எந்த வருத்தமும் தெரியாது. சிலவற்றுக்குச் சொறி, தோலில் சின்னக் கட்டிகள், அவ்வளவுதான். நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டும் நாயே குஞ்சுப் புழுக்களைச் சுமந்துகொண்டிருக்கும். பார்த்து நல்ல நாய், கெட்ட நாய் என்று பிரிக்க முடியாது.

செய்ய வேண்டியது நாய்க்கு மருந்து கொடுப்பது. மாதம் ஒரு தடவை கழுத்துத் தோலில் விடும் மருந்தும், வாயால் கொடுக்கும் மருந்தும் இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மிருக வைத்தியர் நாயின் நிறையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குக் கண் மதிப்பில் அடிக்கும் பழக்கம் எங்கள் பட்டிக்காரரிடம் இருக்கிறது. அளவு கூடினால் நாய்க்கு நரம்பு பாதிக்கும், சில சாதி நாய்கள் கொஞ்சத்துக்கே செத்துப்போகும். மாதாமாதம் இதற்குச் செலவழிப்பது கூலிவேலை வீட்டுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் விசர்நாய் ஊசி போட ஊருக்கு வரும்போது நாய்களுக்கு இந்த மருந்தையும் கொடுக்க ஒரு வழி பிறக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். எல்லா நாயையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் நாள் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு புழுவையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் கண்ணோடு சம்பந்தப்பட்டது. டொக்சொகாரா. இது நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழு, நுளம்புக்கு இதில் வேலை இல்லை. குட்டிகளின் மலத்தோடு முட்டை மண்ணில் விழும், சில கிழமைகள் கிடந்து தொற்றும் நிலைக்கு வரும். மண்ணில் விளையாடிய கையைப் பிள்ளை வாயில் வைத்தால் உள்ளே போகும். இது கண்ணுக்கு வெளியே வீக்கத்தைக் காட்டாது, கண்ணுக்குள்ளே விழித்திரையில் அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும். பிள்ளை சொல்லத் தெரியாமல் இருக்கும், கண் மாறுகண் ஆகும்போதோ பள்ளிக்கூடத்தில் பார்வை சோதிக்கும்போதோதான் தெரியும். அதற்குள் பார்வை போயிருக்கலாம். குட்டி பிறந்து இரண்டு கிழமையிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். வளவில் நாய் கழித்ததை அன்றன்றைக்கே அள்ளிப் புதைத்தால் முட்டை பழுக்க நேரம் கிடைக்காது. பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது எல்லாவற்றையும் விட மலிவான மருந்து.

நுளம்பைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, டெங்குவுக்குச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம். ஒரே ஒரு வித்தியாசம் மட்டும். டெங்குவைப் பரப்புவது பகல் நுளம்பு என்று பகலில் மட்டும் கவனமாக இருப்பவர்கள் உண்டு. இந்தப் புழுவைப் பல இன நுளம்புகள் சுமக்கும், பகலில் கடிப்பதும் இரவில் கடிப்பதும். அதனால் சிரட்டை, தயிர்ச்சட்டி, ரயர் எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பது மட்டும் போதாது. கான்களும் மலசல கூடக் குழிகளும் திறந்து கிடக்கக் கூடாது. ஆகாயத்தாமரை மூடிய குளத்தின் ஓரத்தில் வீடு என்றால் மாலைக்கருக்கலில் பிள்ளையை வெறும் மேலோடு வெளியே விடாதீர்கள். மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். நாங்கள் இரவுக்கு மட்டும்தான் வலையை அவிழ்க்கிறோம். வேப்பம் புகை போடுகிற வீடுகளைப் பார்க்கிறேன், அது வலையின் இடத்தைப் பிடிக்காது, இழுப்பு உள்ள பிள்ளைக்குக் கெடுதலும் கூட.

கிராமத்தில் இப்போது வேலை செய்கிற மருத்துவமாதுமாருக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் கையில் ஸ்கேனும் இல்லை, கண் பார்க்கும் கருவியும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் போய், அடுப்படியில் இருந்து, தாய் பேசுவதைக் கடைசிவரை கேட்கும் உரிமை எங்களுக்குத்தான் இருக்கிறது. "வீக்கம் இடம் மாறுது" என்று ஒரு தாய் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். முன்பு எங்கே இருந்தது, நடுவில் முழுதாக வற்றியதா? இரண்டுக்கும் அவள் தடுமாறாமல் பதில் சொன்னால் கண் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். அம்பாறைப் பக்கம் என்றால் கல்முனையிலோ அம்பாறையிலோ உள்ள பெரிய ஆசுபத்திரிக்கு. நாள் போட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது போன் இல்லாத வீடு இல்லை.

எடுத்த புழுவை எறிந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சின்னவனின் புழுவை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். ரெப்பென்ஸின் தோலில் நீளவாக்கில் வரி வரியாக மேடுகள் இருக்கும், நுணுக்குக்காட்டியில் அதைப் பார்த்து உறுதி செய்வார்கள். மரபணுவும் சோதிப்பதென்றால் ஃபோர்மலினில் போடக் கூடாது, மதுசாரத்தில்தான் வைக்க வேண்டும். தனியார் இடத்தில் எடுத்தாலும், வீட்டில் தற்செயலாக வெளியே வந்தாலும், சுத்தமான சின்னப் போத்தலில் போட்டு டொக்டரிடம் கொடுங்கள்.

"இனி வராதா பெரியம்மா?" என்று தாய் கேட்டாள். வராது என்று நான் சொல்லவில்லை. எடுத்த புழுவுக்குக் குஞ்சு இல்லை, அதிலிருந்து வராது. புதிதாக ஒரு நுளம்பு கடித்தால் வரலாம், இது ஒருக்கால் வந்தால் மறுபடி வராத அம்மாள் வருத்தம் அல்ல. கடித்த நாளுக்கும் வீக்கத்துக்கும் இடையில் மாதங்கள் போகலாம், அதனால் எந்த நுளம்பு என்று தேடுவதிலும் பயனில்லை. அறிக்கை வந்ததும் அதன் பிரதி ஒன்றை அவனது கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டச் சொன்னேன். எந்தக் கண், எந்த மாதம், என்ன புழு என்று தாயின் கையெழுத்திலும் எழுதியிருக்கிறாள். அடுத்த வீட்டு இரண்டு தாய்மார் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் வீக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வெறும் கண்கட்டி. மற்றப் பிள்ளையின் படங்களை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.